முழங்கால் புத்தரின் மேடு

மாண்டலே,
6 பிப்ரவரி 1996

அன்புள்ள அக்காவுக்கு,

சான் டுன் எழுதுகிறேன். நானும் நுவேயும் சுகம். உன் மாடுகள் சுகமா? நீ சுகமாகத்தான் இருப்பாய், அதனால் மாடுகளைக் கேட்கிறேன். போன வாரம் அனுப்பிய பனைவெல்லம் வந்தது. பாதியை நுவேயின் தம்பி தின்றுவிட்டான்.

ஒரு நல்ல சேதி, உட்கார்ந்து படி. நான் தூபி கட்டப் போகிறேன்.

எனக்கு எதிர்க்கடை ஊ பா லின் இருக்கிறாரே, என்னைப் போலவே ஊறவைத்துத் தின்கிற தேயிலை மொத்த வியாபாரம், அவர் போன வருஷம் சகைங் மலையில் ஒரு தூபி கட்டி முடித்தார். அன்றிலிருந்து சந்தையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூட்டை தூக்குகிறவன்கூட, "தூபி ஐயா, சாப்பிட்டாச்சா? தூபி ஐயா, வெயில்ல நிக்காதீங்க" என்கிறான். அவர் மனைவி தூபி அம்மா. கல்யாண வீடுகளில் அந்த அம்மாவுக்குப் பாயில் முன்வரிசை. உன் தம்பி பெண்டாட்டி நுவே பின்வரிசையில் உட்கார்ந்து எட்டிப் பார்த்துவிட்டு வந்து, அன்று முழுக்க என்னோடு பேசமாட்டாள்.

நம் நிலக்கடலை வயலில் செங்கல் மேடு ஒன்று சும்மா கிடக்கிறது. பகானில் இப்போது அந்த மாதிரி மேடுகளில் புதிதாகக் கட்டித்தர நிறையப் பேர் முன்வருகிறார்கள். ஒரு கான்ட்ராக்டர் எனக்கு அட்டையில் படங்கள் காட்டினார். நான் மூன்றாம் மாதிரியைத் தேர்ந்தெடுத்தேன். மணி வடிவம், தங்க நிற உச்சி, நாலு பக்கமும் மதில், வாசலில் பளிங்குக் கல்லில் என் பேரும் நுவே பேரும். உன் பேரையும் போடச் சொல்கிறேன். பழைய மேட்டை வாரிக் கொட்டிவிட்டுத் தரையைச் சமன் செய்து, அடுத்த மழைக்குள் கட்டிவிடலாமாம்.

வயல் நம் இருவர் பேரிலும் இருப்பதால் உன் கையெழுத்து வேண்டும். பஸ் கண்டக்டர் கோ லத்திடம் காகிதம் கொடுத்திருக்கிறேன். போட்டு அவனிடமே கொடுத்தனுப்பு.

உன் தம்பி,
சான் டுன்

~

தனௌங்கோன் கிராமம், பகான்,
15 பிப்ரவரி 1996

தம்பி சான் டுன்னுக்கு,

மாடுகள் சுகம். கறுப்பன் மட்டும் உன்னைப் போல, வயிறு நிறைந்தால் முட்ட வருகிறான்.

காகிதம் வந்தது. கையெழுத்துப் போடவில்லை. கோபப்படாமல் மேலே படி.

மேடு சும்மா கிடக்கவில்லை. மாண்டலே போனதும் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, அதனால் எழுதுகிறேன். மேட்டின் கிழக்குப் பக்கக் குழிவில் முழங்கால் புத்தர் இருக்கிறார். இடுப்புக்கு மேல் ஒன்றுமில்லை. முகம் போய், மார்பு போய், இடது தோள் எந்தக் காலத்தில் விழுந்ததோ யாருக்கும் தெரியாது. ஆனால் சம்மணம் போட்ட கால்கள் அப்படியே இருக்கின்றன. வலது முழங்கால் மேல் முன்கை மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது, விரல்கள் தரையைத் தொடுகின்றன. களையெடுக்கப் போகும்போது அந்த மடியில் பூ வைக்கிறேன். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. வயல், மாடு, அந்த முழங்கால், இவ்வளவுதான் என் குடும்பம். சிரிக்காதே.

உன் மூன்றாம் மாதிரியில் உள்ளே எதுவும் கிடையாது, முழுக்கச் செங்கல் என்று கோ லத் சொன்னான். அப்படியானால் அவரை எங்கே வைப்பாய்? வாரிக் கொட்டும் கூடையிலா?

உனக்குத் தானம் செய்ய ஆசையிருந்தால் நல்லதுதான். விழுந்த செங்கலை எடுத்து அடுக்கு. குழிவுக்கு மேல் ஒரு கூரை போடு. சரிகிற பக்கத்துக்கு முட்டுச்சுவர் கட்டு. அதற்கென்றால் இன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன், கூடவே செங்கலும் சுமக்கிறேன்.

நுவேக்கு இலந்தை வடை அனுப்பியிருக்கிறேன். அவள் தம்பியிடம் காட்டாதே.

அக்கா,
யின் மே

~

மாண்டலே,
27 பிப்ரவரி 1996

அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்து நுவே அழுதாள். வடையைத் தின்றுகொண்டேதான் அழுதாள், ஆனாலும் அழுதாள்.

செப்பனிடு என்கிறாயே, தெரிந்துதான் சொல்கிறாயா? பழைய தூபியைச் செப்பனிட்டால் புண்ணியம் அதை முதலில் கட்டியவருக்குப் போகும். புதிதாகக் கட்டினால்தான் கட்டியவருக்கு. இதை நானா கண்டுபிடித்தேன்? சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேள். ஊ பா லினிடமே கேட்டேன். "தம்பி, பழசுல கை வைக்காதீங்க. சமைக்கிறது நீங்க, சாப்பிடுறது எவனோ" என்றார்.

எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒருவன் கட்டினான். பேர் தெரியாது, ஊர் தெரியாது. வெயிலில் தேயிலை மூட்டையோடு மல்லுக்கட்டிச் சேர்த்ததை நான் கொண்டுபோய் அவனுக்குக் கொட்ட வேண்டுமா? அவன் எந்த உலகத்திலோ உட்கார்ந்து, "யாருப்பா அது, நல்லா இரு" என்று சொல்லிவிட்டுப் போவான். நான் அவனுக்குக் கொத்து வேலைக்காரனா?

முகமில்லாத சிலையைக் கும்பிடுவதற்குப் பதிலாகப் பக்கத்திலேயே புதுச் சிலை வைக்கிறேன். பளிங்குச் சிலை. முகமும் இருக்கும், உதட்டில் சிவப்பும் இருக்கும்.

கான்ட்ராக்டரின் ஆட்கள் அடுத்த மாதம் அளக்க வருவார்கள். அவர்களுக்குத் தண்ணீராவது கொடு.

சான் டுன்

~

தனௌங்கோன்,
24 மார்ச் 1996

தம்பிக்கு,

உன் ஆட்கள் வந்தார்கள், தண்ணீர் கொடுத்தேன். பனங்கள்ளும் கொடுத்தேன், அதனால் மத்தியானத்துக்குப் பிறகு அளவு சரியாக இருக்காது.

அவர்களில் தொப்பி போட்ட ஒருவர் மேட்டைச் சுற்றி நூல் கட்டினார். நான் கேட்டேன்: "ஐயா, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?"

"அது யாருக்கும்மா தெரியும்?"

"தெரியாம எப்படிக் கட்டுவீங்க?"

"மூணாம் மாதிரி எங்க வச்சாலும் பொருந்தும்மா. ஒண்ணும் கவலப்படாதீங்க."

முழங்கால் புத்தரைக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு விழுந்து கும்பிட்டார். கும்பிட்டு எழுந்து, நூலைப் புத்தருக்கு நடுவாகவே இழுத்துக் கட்டினார். இவர்களை என்ன செய்வது சொல்லு.

உன் புண்ணியக் கணக்கைப் பற்றிக் களையெடுத்துக்கொண்டே யோசித்தேன். ஒரு சந்தேகம். முதலில் கட்டியவர் செத்துப்போய் அப்படியே நின்றுவிடவில்லையே. பிறந்திருப்பார், செத்திருப்பார், மறுபடி பிறந்திருப்பார். இப்போது எங்கேயோ ஒரு வீட்டில் இருக்கத்தானே செய்வார்? அது ஏன் மாண்டலேயில் தேயிலைக் கடையில் இருக்கக் கூடாது? தூபி தூபி என்று உனக்குப் பிடித்திருக்கிற இந்தப் பைத்தியம் ஒரு பிறவியில் வந்த பைத்தியமாக எனக்குத் தெரியவில்லை. நீயே கட்டினதை நீயே இடிக்கப் போகிறாயோ என்னவோ.

தண்ணீர்த் திருவிழாவுக்கு ஊருக்கு வா. உன் தலையில் ஒரு குடம் ஊற்றினால் சூடு இறங்கும்.

யின் மே

~

மாண்டலே,
5 ஏப்ரல் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியது விளையாட்டா, நிஜமா? நிஜத்தைச் சொல். எனக்குக் கடையில் வேலை ஓடவில்லை. நேற்று ஒரு வாடிக்கையாளருக்குத் தேயிலைக்குப் பதிலாக எள்ளைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

நான் ஜோசியரிடம் போனேன். சிரிக்காதே. நல்ல ஜோசியர், பேச்சே குறைவு. நான் செவ்வாய்க்கிழமை பிறந்தவன், என் கிழமைக்கு மிருகம் சிங்கம் என்றதும் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு, "செவ்வாய்க்கு மூலை தென்கிழக்கு. அந்த மேட்டுல தென்கிழக்கு மூலை மட்டும் உசந்து இருந்தா, கட்டினது நீங்கதான்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அக்கா, போய்ப் பார். தென்கிழக்கு உயரமா?

நுவே கனவில் யாரோ சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாராம். முகம் தெரியவில்லையாம். இதற்கு என்ன சொல்கிறாய்?

இன்னொன்று. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மேட்டைக் காட்டி ஏதாவது சொன்னேனா? பேச்சு வராத வயதிலே நான் வேறு எதையோ நினைத்து அழுதுகொண்டே இருப்பேன் என்று அம்மா சொல்வாள். அது வயிற்றுவலி என்று நினைத்துவிட்டார்களோ?

நான்தான் கட்டினவன் என்று தெரிந்தால் செப்பனிடுவதில் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. புண்ணியம் சுற்றி வந்து என்னிடமே சேர்ந்துவிடும். கான்ட்ராக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். திருவிழாவுக்குக் கடையை விட்டு வர முடியாது. சீக்கிரம் எழுது.

உன் அன்புத் தம்பி,
சான் டுன்

~

தனௌங்கோன்,
28 ஏப்ரல் 1996

தம்பிக்கு,

தென்கிழக்கு மூலை உயரமாகத்தான் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் உரக்குழி தோண்டிய மண்ணை நான் அங்கேதான் கொட்டினேன்.

கைக்குழந்தையாக நீ அழுதது வயிற்றுவலிக்குத்தான். நான்தான் உன்னைத் தோளில் போட்டு நடந்தேன், எனக்குத் தெரியும்.

இங்கே நடக்கிற கூத்தைக் கேள். கோ லத் உன் கடிதத்தை வரும் வழியிலேயே படித்துவிட்டான். அவன் படித்தால் பஸ்ஸே படித்த மாதிரி. திருவிழாவுக்குள் ஊர் முழுக்கச் சேதி: மேட்டைக் கட்டியவர் மறுபடி பிறந்திருக்கிறார், யாராவது செப்பனிட்டால் புண்ணியம் அவருக்கு.

அடுத்த நாளே மொஹிங்கா மீன்சாறு விற்கிற டோ சேன் வந்தாள். "யின் மே, உங்கிட்ட மட்டும் சொல்றேன். அது நான் கட்டினது. எனக்குச் சின்ன வயசுலயே தெரியும், சொன்னா பெருமை பேசுறான்னு சொல்லுவீங்கன்னு சொல்லல" என்றாள். அவள் போனதும் பனையேறி ஊ தோக் வந்தார், நல்ல போதையில். "அந்தக் காலத்துல நான் மந்திரி, தெரியுமா? ராசா என்னப் பாத்தா எந்திரிப்பாரு." "அப்புறம் ஏன்யா இப்பப் பனை ஏறுறீங்க?" என்று கேட்டேன். "அதான் எனக்கும் புரியல" என்று உட்கார்ந்து அழுதுவிட்டார்.

இப்போது ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். சாயங்காலம் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் செப்பனிடச் சொல்கிறார்கள். யார் செய்தாலும் புண்ணியம் தனக்குத்தான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை, அதனால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது. மடத்துப் பெரிய பிக்குவிடம் தீர்ப்புக் கேட்டார்கள். அவர், "எனக்குச் சாப்பாட்டு நேரம் தாண்டுது" என்று எழுந்து போய்விட்டாராம்.

நான் எழுதியது விளையாட்டுக்குத்தான். ஆனால் விளையாட்டில் பொய் இல்லை. யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் இல்லையா?

யின் மே

~

மாண்டலே,
9 மே 1996

யின் மே அக்காவுக்கு,

கோ லத் இங்கேயும் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். சந்தையே சிரிக்கிறது. ஊ பா லின் கடைக்கு வந்து, "என்ன மகராசா, எந்தக் காலத்து மகராசா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நுவே வெளியே தலைகாட்டுவதில்லை.

நான் உன்னிடம் மட்டும் எழுதினேன். கனவு, ஜோசியம், சின்ன வயது அழுகை எல்லாவற்றையும் உன்னை நம்பி எழுதினேன். நீ உரக்குழி மண் என்று எழுதிச் சிரிக்கிறாய். குடிகாரப் பனையேறியோடு என்னைச் சேர்த்து உட்கார வைத்துவிட்டாய். எனக்கு வலிக்கிறது.

போதும். கான்ட்ராக்டரிடம் பேசிவிட்டேன். செங்கல் லாரி இந்த மாதம் வரும், வயல் ஓரத்தில் இறக்குவார்கள். மழை ஓய்ந்ததும் மேட்டை எடுப்பார்கள். காகிதத்தை மறுபடி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடு. போடாவிட்டால் நான் இனி தனௌங்கோன் மண்ணை மிதிக்கமாட்டேன். அக்கா என்று ஒருத்தி எனக்கு இல்லை என்று இருந்துகொள்கிறேன்.

சான் டுன்

~

தனௌங்கோன்,
20 ஜூன் 1996

சான் டுன்,

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். காகிதம் இதோடு இருக்கிறது. இந்த முறை உறையை ஒட்டி, கோ லத்தைப் புத்தர் மேல் சத்தியம் செய்ய வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

உன் கடிதம் வந்த பிறகு பல நாள் எழுத முடியவில்லை. உன்னை ஊர் சிரிக்க வைக்க நான் நினைக்கவே இல்லை. நான் சிரித்தது உன் கூட இருந்து சிரிக்கிற மாதிரி. நீ தூரத்தில் இருக்கிறாய், உனக்கு அப்படிக் கேட்கவில்லை. ஒரு மேட்டுக்காகத் தம்பியை விட எனக்கு மனமில்லை. செங்கல் வந்து இறங்கிவிட்டது. எண்ணெய் போட்ட மாதிரி பளபளவென்று நல்ல செங்கல்தான். உன் இஷ்டப்படி செய்.

இனி எழுதுவது உன்னைத் தடுக்க இல்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன்.

போன வாரம் முதல் மழை. காற்றும் இடியும் சேர்ந்து வந்து மேட்டில் வடகிழக்குச் சரிவு அப்படியே உட்கார்ந்துவிட்டது. விடிந்ததும் ஓடினேன். முழங்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் இருந்த மண் விழுந்து, உள்சுவர் தெரிந்தது.

உள்ளே இருப்பது வேறு சுவர். பெரிய பெரிய செங்கல், நடுவில் நகம்கூட நுழையாது. மேலே வெள்ளைச் சாந்து பூசி, மழமழவென்று, எங்கேயும் வெட்டில்லாமல் வளைந்து போகிறது. அதுதான் முதலில் கட்டியது. முழங்கால் புத்தரும் அவர் இருக்கிற குழிவும் அந்தப் பூச்சுக்கு மேல் ஒட்டிக் கட்டியவை. செங்கல் மெலிசு, நிறம் சிவப்பு, சாந்து தடிமன். தூபி பழசாகிச் சரியத் தொடங்கிய பிறகு யாரோ வந்து முட்டுக்கொடுத்திருக்கிறார்கள், அந்த முட்டுச்சுவரில் அவரையும் உட்கார வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே சேற்றைக் குழைத்து வைத்த கோணல் செங்கல் கொஞ்சம். அது நம்மைப் போல வயலில் நின்ற யாரோ.

தம்பி, முதலில் கட்டியவர் முழங்கால் புத்தரைப் பார்த்ததே கிடையாது. நான் இத்தனை வருஷம் பூ வைத்தது செப்பனிட்ட ஒருத்தர் செய்ததற்கு. அவருக்கும் உன் சந்தைக்காரர்கள் சொல்கிறது தெரிந்துதானே இருக்கும்? அப்போதும் இதே பேச்சுத்தானே? தெரிந்தும் தூக்கி வைத்திருக்கிறார். மழையில் நின்றுகொண்டு அழுதேன். துக்கமில்லை, ஏன் அழுதேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

இடிக்கிறதுக்கு முன்னால் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போ. அவ்வளவுதான் கேட்கிறேன்.

உன் அக்கா,
யின் மே

~

மாண்டலே,
2 செப்டம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே வந்தேன். இடுப்பு எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது. நுவே மூலிகை எண்ணெய் போட்டுத் தேய்க்கிறாள். தேய்க்கும்போது திட்டுகிறாள். ஆனால் திட்டிலே பழைய காரம் இல்லை.

அங்கே உன்னிடம் சொல்லாததை இங்கிருந்து எழுதுகிறேன். முதல் நாள் நீ சோறு கொண்டுவரப் போயிருந்தாயே, அப்போது நான் தனியாக அந்தக் குழிவுக்குள் நுழைந்து பார்த்தேன். சட்டைப் பையில் நீ கையெழுத்திட்ட காகிதம் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எங்கே முதலில் கடப்பாரை போடுவது என்று பார்க்கத்தான் நுழைந்தேன்.

முழங்காலுக்கு அடியில், சாந்து தரையைத் தொடுகிற இடத்தில், நாலு விரல் தடம் இருக்கிறது. ஈரச் சாந்தை வழித்துவிட்ட தடம். நீ பார்த்திருக்கமாட்டாய், படுத்தால்தான் தெரியும். என் கையை வைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை அக்கா. என் மூணு விரல் அகலத்தில் அந்த நாலு விரலும் அடங்கிவிடும் போலிருந்தது. பெண்ணோ, நோஞ்சான் ஆளோ, தெரியவில்லை. நான் இல்லை என்பது மட்டும் தெரிந்துவிட்டது. டோ சேனும் இல்லை, அவள் கையைப் பார்த்தால் தெரியும். ஊ தோக் இருக்கலாம், ஆனால் அவரிடம் சொல்லிவிடாதே.

எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த விரல்கள் அவசரத்தில் வழித்திருந்தன, ஒரு பக்கம் கோணல். பேர் எழுதவில்லை, ஒன்றும் எழுதவில்லை. மழை வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்கிற மாதிரி ஒரு வேலை. நான் அங்கேயே உட்கார்ந்துகொண்டிருந்தேன். நீ சோற்றோடு வந்து, "ஏன்டா, தூங்கிட்டியா?" என்றாய். நான் எழுந்து, விழுந்து கிடந்த முதல் செங்கலை எடுத்து அடுக்கினேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. அதற்கு உனக்கு நன்றி.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நான் தூக்க ஆரம்பித்ததும் அந்தப் புளியமரத்தடி மகாராஜாக்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. டோ சேன் இவ்வளவு சுமப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

கான்ட்ராக்டரிடம் மூன்றாம் மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பைத்தியமா என்று கேட்டார். புதுச் செங்கலை மடத்துக் கிணற்றுக்குச் சுவர் கட்டக் கொடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஊ தோக் என்னைக் கிணத்துச்சுவர் ஐயா என்று கூப்பிட்டதை நுவேயிடம் சொல்லிவிடாதே.

ஊ பா லின் வந்து கேட்டார்: "என்ன தம்பி, எப்பக் கட்டப் போறீங்க?"

"கட்டி ரொம்ப வருஷமாச்சுங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். எனக்கு அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கியது.

உன் தம்பி,
சான் டுன்

~

தனௌங்கோன்,
27 அக்டோபர் 1996
விளக்குத் திருவிழா முடிந்த மறுநாள்

அன்புள்ள தம்பி சான் டுன்னுக்கு,

நீயும் நுவேயும் அனுப்பிய துணியும் பழமும் வந்தன. மூத்தவளுக்கு மரியாதை செய்கிற நாளில் ஞாபகம் வைத்து அனுப்பியதற்கு நல்லா இருங்கள். ஊதா நிறம் எனக்கு எடுக்காது, இருந்தாலும் கட்டிக்கொண்டேன்.

நிலக்கடலை இந்த வருஷம் நன்றாக விளைந்திருக்கிறது. முட்டுச்சுவர் மழைக்கு அசையவில்லை. ஓலைக் கூரையில் மட்டும் ஒரு இடத்தில் ஒழுகியது. ஊ தோக் ஏறிச் சரிசெய்தார். பனையேற ஆளிருப்பது இதற்கும் உதவுகிறது.

நேற்று மேட்டைச் சுற்றி அகல் ஏற்றினோம். முழங்கால் மேல் வெளிச்சம் பட்டபோது எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக வந்து கும்பிட்டார்கள். டோ சேன் ரெண்டு தடவை வந்தாள்.

இன்று காலையில் பக்கோக்கு ஊருக்குப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு ஒரு குடும்பம் வந்தது. கோயில்கோயிலாகப் பார்த்துக்கொண்டு போகிறவர்கள். அதில் ஒரு அம்மா இறங்கி வந்து பூ வைத்துவிட்டு, களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்த என்னைக் கேட்டாள்.

"இத யாரும்மா கட்டினது?"

"தெரியாதும்மா."

"அப்புறம் யாரு செப்பனிட்டது? சுவரு புதுசா இருக்கே."

"மாண்டலேல இருக்கான். என் தம்பி."

"பழசையா? அய்யோ பாவம். அவருக்கு ஒண்ணும் கிடைக்காதே" என்று உச்சுக்கொட்டினாள். நல்ல மனசுக்காரி. நிஜமாகவே உனக்காக வருத்தப்பட்டாள்.

நான் வாய்திறப்பதற்குள் அவள் திரும்பிப் போய்க் கும்பிட்டு முடித்து, கூட வந்தவன் கையிலிருந்த வெண்கலத் தட்டை வாங்கித் தட்டினாள். தட்டிவிட்டு, நம்மவர்கள் வழக்கமாகச் சொல்கிறதைத்தான் சொன்னாள். இன்றைக்கு எனக்குக் கிடைத்த புண்ணியம் இந்தச் சத்தம் கேட்கிறவங்க எல்லாருக்கும், சரிசமமா எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க, எடுத்துக்கோங்க என்று. வண்டியில் இருந்தவர்கள் சாது சாது சாது என்று தங்கள் பங்கை ஏற்றுக்கொண்டார்கள். எதிர் வயலில் உழுதுகொண்டிருந்தவனும் மாட்டை நிறுத்திச் சொன்னான். நானும் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன்.

அப்புறம் யோசித்தேன், மாண்டலேக்கு எப்படிக் கேட்கும்? அதனால் இன்னொரு தடவை எழுந்து நின்று உன் பங்குக்கும் சாது சொன்னேன். கடலை பொறுக்க வந்த காக்கையெல்லாம் பறந்துபோகிற அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்.

உன் அக்கா,
யின் மே